பலூன் வெடித்துவிடுமா என்று கேட்கிறார் மாமியார்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு இப்போது 16 மாதம். 11 மாதத்தில் கடும் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் சிவந்து, கண் சிவந்து, உதடு வெடித்து ரத்தம் வந்தது. அம்மை என்று மாமியார் சொன்னதால் வேப்பிலை கட்டி நாலு நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம். ஐந்தாம் நாள் டவுன் கிளினிக்கில் தொண்டைப் புண் என்று மருந்து கொடுத்தார்கள். எட்டாம் நாள் ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கவாசாக்கி என்றார்கள். ‘மோட்டார் சைக்கிள் பேரா?’ என்று என் வீட்டுக்காரர் கேட்டே விட்டார். ராத்திரி முழுக்க டிரிப் போட்டதும் காய்ச்சல் நின்றது. ஆனால் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று பலூன் போல உப்பியிருக்கிறதாம். முதலில் 3.2 மில்லிமீட்டர், போன மாதம் 2.6. தினமும் அரை மாத்திரை ஆஸ்பிரின்.

இரண்டு வருஷத்துக்கு முன் மாமியாரின் அண்ணன், வயிற்றில் ரத்தக் குழாய் உப்பி வெடித்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துபோனார். ‘ரத்தத்தை நீர்க்க வைக்கிற மருந்தைக் கொடுத்தால் பலூன் வெடித்து ரத்தம் நிற்காது’ என்று அழுகிறார். ஒரு வாரமாக மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறோம். பையன் நன்றாகத்தான் ஓடுகிறான். நாங்கள் செய்தது சரியா? சீக்கிரம் போயிருந்தால் இது வந்திருக்காதா? இன்னொன்று: தடுப்பூசிக்கு வரச்சொல்லி கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) கூப்பிடுகிறார். வீட்டுக்காரருக்கு ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா?

பதில்:

தங்கச்சி, இது அச்சாகி வரும்வரை உங்களைக் காத்திருக்க வைக்க முடியாது என்பதால் முதல் விஷயத்தை ஏற்கெனவே தனியாக எழுதிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே திரும்பச் சொல்கிறேன். பையனுக்குக் காய்ச்சல் இல்லை, கடுமையான சளி இல்லை, உடம்பில் கொப்புளம் இல்லை, அக்கம்பக்கத்தில் யாருக்கும் சின்னம்மை இல்லை, எங்கும் ரத்தக் கசிவு இல்லை என்றால் அதே அரை மாத்திரையை இன்றிரவே மறுபடி தொடங்குங்கள். விடிந்ததும் குழந்தைகள் கிளினிக்குக்குப் போன் செய்து, ஒரு வாரம் நிறுத்திவிட்டோம் என்று சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம். ஏசினால் ஏசிவிட்டுப் போகட்டும்.

மாமியார் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணனை அப்படிப் பறிகொடுத்தவர் வேறு எப்படி நினைப்பார்? ‘ரத்தக் குழாய் பலூன் மாதிரி’ என்று நாங்கள் டாக்டர்கள்தான் அண்ணனுக்கும் உங்கள் மகனுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லி வைத்திருக்கிறோம். பலூன் என்றால் யாருக்கும் வெடிப்பதுதானே ஞாபகம் வரும்?

அவருடைய அண்ணனுக்கு உப்பியது வயிற்றின் வழியாகக் கீழே இறங்கும் பெருந்தமனி. சாதாரணமாக அது 2 சென்டிமீட்டர் அளவு அகலம். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் வீக்கம் என்போம். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை எட்டினால் ஆபரேஷன் பற்றிப் பேசுவோம். வயது, சிகரெட், ரத்தக் கொதிப்பு எல்லாம் சேர்ந்து பல வருஷம் அரித்து அந்தச் சுவரை மெலிய வைக்கின்றன. அந்த வீக்கத்தின் பெரிய ஆபத்து வெடிப்பதுதான். அதில் மாமியார் சொல்வது சரி.

உங்கள் மகனுக்கு உப்பியிருப்பது இதயத்தின் மேற்பரப்பிலேயே ஓடி இதயத் தசைக்கு ரத்தம் ஊட்டும் குழாய். இந்த வயதுப் பிள்ளைக்கு அது ஊறவைத்த மீகூன் (அரிசி சேமியா) இழை மொத்தம்தான் இருக்கும், ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. அது 3.2 ஆனது என்றால் இரண்டு மடங்கு. கவாசாக்கி என்பது சின்னப் பிள்ளைகளின் ரத்தக் குழாய்ச் சுவரைத் தாக்கும் நோய். அதில் இந்தக் குழாய் வெடிப்பது மிக அபூர்வம். அப்படி நடந்தாலும் நோயின் முதல் சில வாரங்களில்தான் நடக்கும். உங்கள் பையன் ஐந்து மாதம் கடந்துவிட்டான்.

அவனுக்கு நாங்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. உங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் லோங்காங்கை, அந்தச் சாக்கடைக் கால்வாயைப் பாருங்கள். குறுகலாக ஓடுகிற இடத்தில் தண்ணீர் விறுவிறுவென்று போகும். கரை சரிந்து அகன்றுபோன இடத்தில் வேகம் குறைந்து சுழலும். சருகும் சேறும் அங்கேதான் படியும். உப்பிய குழாயிலும் ரத்தம் அப்படித்தான் மந்தமாகச் சுழல்கிறது. போதாததற்கு வீக்கத்தின் உள்சுவர் வேறு புண்பட்டுச் சொரசொரப்பாக இருக்கிறது. அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொண்டால், ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் மாரடைப்புதான். மாமியார் ரத்தம் நிற்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறார். எங்கள் பயமோ அது ஓட வேண்டிய இடத்தில் நின்றுவிடுமோ என்பது.

ஆஸ்பிரினைக் கொடுப்பது அதற்காகத்தான். அது ரத்தத்தைத் தண்ணீர் ஆக்குவதில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை மட்டும் குறைக்கிறது. பிளேட்லெட் என்றால் நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், டிங்கி புண்ணியத்தில். டிங்கியில் அது இறங்குகிறது என்று தினமும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கவாசாக்கியில் நேர் எதிர். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கிடுகிடுவென்று ஏறும், சில பிள்ளைகளுக்கு 10 லட்சத்தையும் தாண்டும். புண்பட்ட குழாய், மந்தமான ஓட்டம், ஏறிய பிளேட்லெட் மூன்றும் ஒரே சமயத்தில் வந்து சேர்வதால்தான் அந்த வாரங்கள் எங்களுக்குத் தூக்கம் இல்லாத வாரங்கள். இப்போது பிளேட்லெட் இறங்கியிருக்கும். வீக்கம் இன்னும் இருப்பதால் மருந்தும் இருக்க வேண்டும்.

அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் கொடுக்கும் ஆஸ்பிரின் அளவு வேறு, இது வேறு. ஒரு கிலோ எடைக்கு 3 முதல் 5 மில்லிகிராம். பையன் 10 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 30 முதல் 50 மில்லிகிராம். உங்களுக்குக் கொடுத்த 100 மில்லிகிராம் மாத்திரையில் பாதி அதற்குள் அடங்குகிறது. எடை கூடும்போது அளவை மாற்றுவதும் மருந்தை எப்போது நிறுத்துவது என்பதும் கிளினிக்கின் வேலை. அவர்கள் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எக்கோ ரிப்போர்ட்டில் ‘இசட் ஸ்கோர் 6.8’ என்றும் பிறகு ‘4.7’ என்றும் இருப்பதாக எழுதி, இது என்ன பரீட்சை மார்க் என்று கேட்டிருந்தீர்கள். வெறும் மில்லிமீட்டரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2.6 மில்லிமீட்டர் உங்கள் மகனுக்கு வீக்கம், ஆறாம் வகுப்புப் பையனுக்கு அதுவே இயல்பு. அதனால் அதே உடல் அளவுள்ள பிள்ளைகளின் குழாயோடு ஒப்பிட்டுப் போடும் எண் இது. 2.5 முதல் 5 வரை சிறிய வீக்கம், 5 முதல் 10 வரை நடுத்தரம், 10ஐ எட்டினாலோ அல்லது குழாயே 8 மில்லிமீட்டர் ஆனாலோ ராட்சத வீக்கம். ராட்சத வீக்கத்துக்கு ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்தும் சேரும். உங்கள் பையன் நடுத்தரத்திலிருந்து சிறியதுக்கு இறங்கியிருக்கிறான். இந்த மார்க் குறையக் குறையச் சந்தோஷம்.

மேலும் இறங்குமா? இறங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கவாசாக்கியில் வரும் வீக்கங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஓரிரண்டு வருஷத்தில் சாதாரண அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. ஒரு வயதுக்கு முன் வந்தவர்களுக்கும் சிறிய வீக்கங்களுக்கும் அந்த வாய்ப்பு அதிகம்.

ஆனால் சுருங்குவது வேறு, பழையபடி ஆவது வேறு. உங்கள் மாமியார் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு இதை விளக்க என்னைவிட யாரும் வேண்டாம். கை பழகாத ஆள் பால்மரத்தில் கத்தியை ஆழமாக விட்டால் என்ன ஆகும்? பட்டையைத் தாண்டி மரம் காயப்படும். காயம் ஆறும், புதுப் பட்டையும் வரும், ஆனால் முண்டும் முடிச்சுமாக வரும். அடுத்த முறை அந்த இடத்தில் கத்தி ஒழுங்காக ஓடாது. கவாசாக்கியில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தமனிச் சுவருக்குள் இறங்கி, ரப்பர் போல இழுத்துக்கொடுக்கிற அடுக்கைக் கிழித்துவிடுகிறது. அதனால்தான் ரத்த அழுத்தம் தாங்காமல் சுவர் உப்புகிறது. ஆறும்போது உள்ளே தடித்த தழும்பு வளர்ந்து குழாயின் வாய் சிறுக்கிறது. எக்கோவில் அளவு நார்மல் என்று வரும். சுவரில் முடிச்சு இருக்கும். சில வருஷம் கழித்து அந்தத் தழும்பே குழாயைக் குறுக்கிவிடவும் கூடும். பையன் ஓடுகிறான், சாப்பிடுகிறான் என்பதை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட முடியாது. ஓடட்டும், தடுக்காதீர்கள். மருந்தும் எக்கோவும் அதோடு சேர்ந்து ஓடட்டும்.

இனி, சீக்கிரம் போயிருந்தால் என்ற கேள்வி. நீங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் கேட்டுவிட்டு அடித்திருக்கிறீர்கள், பிறகு மறுபடி எழுதியிருக்கிறீர்கள்.

அவனுக்கு ராத்திரி முழுக்க ஏறிய டிரிப், ஆயிரக்கணக்கான பேர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின். காய்ச்சல் தொடங்கி 10 நாளுக்குள் அது போக வேண்டும். உங்கள் பையனுக்கு எட்டாம் நாள் போயிருக்கிறது. மருந்து கொடுக்காவிட்டால் நாலில் ஒரு பிள்ளைக்கு இதயத் தமனி பாதிக்கும். காலத்தில் கொடுத்தால் அது இருபதில் ஒன்று அளவுக்குக் குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன், நிற்கும் என்று இல்லை. ஐந்தாம் நாளே மருந்து ஏறியும் வீங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதிலும் ஒரு வயதுக்குக் கீழே இருந்தால் ஆபத்து எப்போதும் கொஞ்சம் கூடுதல். மூன்று நாள் முன்னால் போயிருந்தால் நல்லதுதான், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று நாள்தான் இதைச் செய்தது என்று யாராலும் கை வைத்துச் சொல்ல முடியாது. வேப்பிலை நோயைக் கூட்டவும் இல்லை. பையன் பிறக்கும் முன்பிருந்தே அம்மை பார்த்துப் பழகிய கண், பார்த்ததை அம்மை என்றது.

நானும் அப்படிச் சொன்னவன்தான். என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் (மருத்துவ உதவியாளர்). காய்ச்சலும் தடிப்பும் என்றால் அம்மை என்று கேட்டே வளர்ந்தேன். டாக்டராகி இரண்டாம் வருஷம், வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு அதையே எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாய் வந்து ஒரு டிஷ்யூவைப் பிரித்துக் காட்டினார். உள்ளே குழந்தையின் விரல் நுனித் தோல், கையுறையின் விரலைக் கழற்றியது போல முழுசாக உரிந்து கிடந்தது. ‘இது எந்த அம்மையில் வரும் டாக்டர்?’ என்றார். எந்த அம்மையிலும் வராது. கவாசாக்கியில் இரண்டாம் மூன்றாம் வாரம் வரும். அன்றைக்கே எக்கோ எடுத்தோம். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று வேலைக்குப் போகிறது, வார்ஃபரினோடு.

இதை வாசிக்கிற மற்றத் தாய்மாருக்காகக் கொஞ்சம். தட்டம்மையில் கண்ணில் நீரும் பீளையும் வழியும், இருமலும் மூக்கொழுகலும் கூட வரும். கவாசாக்கியில் இரண்டு கண்ணும் சிவந்திருக்கும், பீளை இருக்காது. உதடு சிவந்து வெடிக்கும், நாக்கு ஸ்ட்ராபெரி போலப் புள்ளி புள்ளியாகச் சிவக்கும், கை கால் வீங்கும், கழுத்தில் நெறி கட்டும். கைக்குழந்தைகளுக்கு இதெல்லாம் ஒருசேர வராது. ஒன்றிரண்டு மட்டும் காட்டி ஏமாற்றும். இன்னொரு அடையாளம் நம் நாட்டுப் பிள்ளைகளிடம் பார்க்கலாம். உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது: ‘இடது கையில் பிறந்தவுடன் போட்ட ஊசித் தழும்பு திடீரென்று சிவந்து பொருக்கு விட்டது, வேப்பிலை உரசியதால் என்று நினைத்தோம்’. அது பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு. கைக்குழந்தைக்குக் காய்ச்சலோடு அந்தத் தழும்பு சிவந்தால் நான் உடனே கவாசாக்கியை நினைப்பேன். தழும்பு எப்படி இருந்தாலும் சரி, பிள்ளைக்கு ஐந்து நாள் காய்ச்சல் விடவில்லை என்றால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஒரு வயதுக்குள் என்றால் ஐந்து நாளும் வேண்டாம்.

டவுன் கிளினிக் டாக்டரையும் ரொம்பத் திட்ட வேண்டாம். இதை உறுதி செய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. பார்த்துச் சேர்த்துக் கண்டுபிடிக்கும் நோய் இது. தோக்கியோவில் டாக்டர் தொமிசாக்கு கவாசாக்கி 1961இல் நாலு வயதுப் பையன் ஒருவனிடம் முதலில் இதைக் கவனித்தார். இது தனி நோய் என்று 50 பிள்ளைகளின் விவரத்தோடு எழுத அவருக்கு 1967 ஆயிற்று. அப்போதும் தானாக ஆறிவிடும் நோய் என்றுதான் நினைத்தார்கள். குணமானதாக நினைத்த சில பிள்ளைகள் திடீரென்று இறந்து, அவர்களின் இதயத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் இந்தத் தமனி வீக்கம் வெளியே தெரிந்தது. ஆம், உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், மோட்டார் சைக்கிளுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

மருந்து ஓடும் காலத்தில் கவனிக்க வேண்டியவை. காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். காய்ச்சல் வந்த அன்றே டாக்டரிடம் போய், மருந்து எழுதும் முன்பே ‘பையன் ஆஸ்பிரின் எடுக்கிறான்’ என்று சொல்லுங்கள். தோட்டத்தில் இருக்கிறீர்கள், அது டிங்கியாக இருந்தால் ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும், அப்போது நிறுத்தித்தான் ஆக வேண்டும். இன்ஃபுளுவென்சாவோ சின்னம்மையோ வந்தாலும், சின்னம்மை வந்த பிள்ளையோடு விளையாடியிருந்தாலும் அதே கதை. அந்த இரண்டு வைரஸோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய் அபூர்வமாக வரும். நிறுத்துவது எப்போது, பதிலுக்கு எதைக் கொடுப்பது என்று கிளினிக் சொல்லட்டும். ஃப்ளூ ஊசியை வருஷா வருஷம் போடுங்கள், பெரும்பாலும் தனியாரில் காசு கொடுத்துப் போட வேண்டியிருக்கும். வீட்டில் மற்றவர்களும் போட்டால் இன்னும் நல்லது.

மிஸ்ஸி கூப்பிடுவது இரண்டாவது எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசிக்கு. வழக்கமாக 12 மாதத்தில் போட வேண்டியது. ஆனால் டிரிப்பில் ஏறிய அந்த ஆயிரம் பேரின் எதிர்ப்புச் சக்தி இன்னும் பையன் ரத்தத்தில் இருக்கிறது. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசியை அது வேலை செய்ய விடாது. அதனால் டிரிப் போட்ட நாளிலிருந்து 11 மாதம் தள்ள வேண்டும், உங்கள் கணக்கில் அவனுக்கு 22 மாதம் ஆகும்போது. சின்னம்மை ஊசிக்கும் இதே கணக்கு. 18 மாதத்தில் வருகிற மற்ற ஊசியைத் தள்ள வேண்டாம், அதில் உயிருள்ள கிருமி இல்லை. டிரிப் போட்ட தேதியைக் கிளினிக் புக்கில் எழுதி வாங்குங்கள். அடுத்த மிஸ்ஸி மாறி வந்தாலும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

ஜொகூருக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் கிளம்பும் முன் இங்கே ரெஃபரல் லெட்டர் கேளுங்கள், இதுவரை எடுத்த எக்கோ ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலும் கேளுங்கள். போனில் படம் எடுத்து இரண்டு பேர் போனிலும் வையுங்கள். தோட்டம் மாறி, டவுன் மாறி, ஃபைல் காணாமல் போய், பதினைந்து வயதில் ‘சின்ன வயசில் ஏதோ ஹார்ட் பிரச்சினையாம்’ என்று வந்து நிற்கும் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். எத்தனை மில்லிமீட்டர், எந்தக் குழாய், எதுவும் தெரியாது. ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ஒரு நாள் சம்பளம் போவது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள்.

பையன் காரணமில்லாமல் வெளிறிப்போய் வியர்த்தால், ஓயாமல் அழுது வாந்தி எடுத்தால், மூச்சு இரைத்தால், மயங்கினால் வீட்டில் யோசிக்க வேண்டாம், 999. அவசரப் பிரிவு கவுண்டரில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: ‘அனாக் சாயா அடா பென்யாகிட் கவாசாக்கி, சாலுர் டாரா ஜந்தோங் பெங்காக்’ (என் பிள்ளைக்குக் கவாசாக்கி நோய், இதய ரத்தக் குழாய் வீங்கியிருக்கிறது). வீட்டுக்காரரும் மாமியாரும் மனப்பாடம் செய்யட்டும்.

அடுத்த எக்கோவுக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். திரையில் அந்தக் குழாயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் காட்டுவார்கள். கறுப்பாக, மீகூன் போல ஓடி, ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் பருத்திருக்கும். அண்ணன் வயிற்றில் இருந்தது தன் கட்டைவிரலை விடப் பெரியது என்று அவருக்குத் தெரியும். இதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.